பெயரில் வாழும் உயிர்



ஒருவன் நிலத்தைப் பறித்தால் அவன் ஏழையாவான். பெயரைப் பறித்தாலோ தான் யாரென்பதையே மறந்துபோவான். இவ்வுண்மையைப் பட்டறிந்த மக்கள் மேலை ஆப்பிரிக்காவில் உள்ளனர். கானா நாட்டின் தென்பகுதியில் பெருந்தொகையினராய் வாழும் அக்கான் இனத்தாரே அவர்.

அவர்தம் மொழியில் 'கிரா' என்பது உயிர். 'தின்' என்பது பெயர். பிறந்த கிழமையால் அமையும் பெயரைக் 'கிராதின்', அஃதாவது உயிர்ப்பெயர் என்பர். ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண் குவாசி, பெண் அக்கோசுவா. வெள்ளியாயின் கோஃபி, அஃபுவா. காரி (சனி) ஆயின் குவாமே, அமா. இப்பெயரைப் பெற்றோர் தேர்வதில்லை. குழந்தை தன்னொடு கொண்டே வருகின்றது.

பிறந்து ஏழு நாள் வரை குழந்தை வீட்டிற்கு வந்த விருந்தே. தங்குமோ, வந்த வழியே திரும்புமோ என்னும் ஐயம் பெற்றோரை விடாது. எட்டாம் நாள் காலையில் அதனை வெளியே கொணர்ந்து, அதன் நாவில் ஒரு துளி நீரும் ஒரு துளி தேறலும் தொட்டு வைப்பர். நீரை நீரென்றும் தேறலைத் தேறலென்றும் சொல்லி வாழ்க என மூத்தோர் அறிவுறுத்துவர். பொய்யாமையே முதற்பாடம்! அன்று தந்தை தன் முன்னோர் அல்லது தான் போற்றும் சான்றோர் ஒருவரின் பெயரைச் சூட்டுவான். குலம் தாய்வழியது, பெயரோ தந்தை தருவது.

பிறந்த வரிசையும் பெயராகும். மூன்றாம் மகன் மென்சா. பத்தாம் பிள்ளை பாடு. ஒன்றிய நாடுகள் அவையின் பொதுச்செயலராக 1997 முதல் 2006 வரை விளங்கிய கோஃபி அன்னானின் பெயர்க்கு, வெள்ளியிற் பிறந்தவன், நான்காம் பிள்ளை என்பதே பொருள். பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் பிறந்த குழந்தைக்குச் 'சுமினா', அஃதாவது குப்பைமேடு என்று பெயரிடுவதும் உண்டு. இழிந்த பெயரைக் கேட்டால் சாவும் வேண்டாமென்று விலகிச் செல்லும் என்பது தாயின் நம்பிக்கை. குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்ட நம் தாயரின் அச்சத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இத்துணைப் பொருள் பொதிந்த பெயர்களோடுதான் அம்மக்கள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். கடல் கடந்தும் பெயர்கள் சாகவில்லை. தோட்ட முதலாளிகளின் ஏடுகளில் திரிந்த வடிவில் நின்றன. திங்கட்கிழமைப் பெயரான குவாட்சோ, 'கட்சோ' ஆயிற்று. அப்பெயர் கொண்ட தலைவன் யமேக்காத் தீவின் மலைக்காடுகளில் போரிட்டு, 1739இல் ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தான். கோஃபி என்னும் பெயர் 'கஃபி' ஆயிற்று. அப்பெயரினன் 1763இல் பெர்பீசு நிலப்பகுதியில் அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கினான். அவ்வெழுச்சி நாளான பிப்பிரவரி 23ஐயே தேர்ந்து, 1970இல் கயானா தன்னைக் குடியரசாக அறிவித்தது.

ஆயினும் மற்றொன்றும் நிகழ்ந்தது. குவாசி என்னும் ஞாயிற்றுப் பெயர், அதே யமேக்காவில் அறிவிலி என்னும் பொருளில் வசைச்சொல் ஆக்கப்பட்டது. தாய் கொஞ்சி அழைத்த பெயரே ஏளனமாகத் திரும்பி வருமாயின், அதனினும் பெரிய இழிவு வேறுண்டோ?

தாய்நிலத்திலும் தாக்குதல் வேறு வடிவில் வந்தது. சமயப் பரப்புநர் பள்ளிகளில் திருமுழுக்கின்போது இட்ட ஐரோப்பியப் பெயர் முன்னே நின்றது. உயிர்ப்பெயர் வீட்டுக்குள் ஒதுங்கியது. சமயம் மாறியது குற்றமன்று. சமயம் மாறினால் பெயரும் மாறவேண்டும் என்னும் எண்ணமே குற்றம்.

அவ்வாறு 'பிரான்சிசு' எனத் திருமுழுக்குப் பெயர் பெற்றவர்களுள் ஒருவர், 1945 அளவில் அதனை விடுத்துத் தம் கிழமைப் பெயரை முன்வைத்தார். குவாமே நிக்ரூமா என உலகம் அறிந்தவர் அவரே. நிக்ரூமா என்பது ஒன்பதாம் பிள்ளைக்குரிய பெயர். 1957 மார்ச்சு 6ஆம் நாள் அவர் தலைமையில் விடுதலை பெற்ற நாடு, 'பொற்கரை' என்று பொன் தேடி வந்த வணிகர் இட்ட பெயரைக் களைந்து, பழைய ஆப்பிரிக்கப் பேரரசு ஒன்றின் பெயரால் கானா ஆயிற்று. தன் பெயரை மீட்டவர் நாட்டின் பெயரையும் மாற்றினார்!

இன்றும் கானாவில் ஆங்கிலப் பெயரையும் அக்கான் பெயரையும் சேர்த்தே தாங்குவோர் பலர். இழந்ததை முற்றும் மீட்டல் எளிதன்று. எனினும் ஒரு மொழி தன் மக்கள் பெயரில் வாழும்வரை அதன் வேர் அறுவதில்லை. பெயரை மீட்பதற்குப் படையும் வேண்டா; பணமும் வேண்டா. தொட்டிலருகே குனிந்து குழந்தையை முதன்முதல் அழைக்கும் அந்த ஒரு சொல்லில் பெற்றோர் தெளிவாய் இருந்தாற் போதும்.