நான் மறைத்து வைத்த பாடல்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மேகமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்முறை செயலாளர் எனக்கு அளித்த தலைப்பு, 'எனக்குப் பிடித்த பாடல்கள்'. எளிய தலைப்பு என்றுதான் முதலில் மகிழ்ந்தேன். எழுத உட்கார்ந்தபோது ஒரு பட்டியல் விரைவாகவே அமைந்துவிட்டது. தேவாரப் பண்ணிசை, மதுரை தந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி, பாரதியின் பாடல்கள் என அது நீண்டது. ஆய்வாளர் ஒருவரின் பட்டியல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. அதில் உள்ளவை எனக்குப் பிடித்தவை அல்ல என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதிப் பட்டியல். மறுபாதியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் எவரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை நாம் ஏறி வந்த பாதையின் 18 கொண்டையூசி வளைவுகளுக்கும் சங்கப் பூக்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு பெயர்ப்பலகையாகப் படித்து, அருகிலிருந்த நண்பருக்கு அப்பூ எந்தப் பாட்டில் வருகிறது என்று விளக்கிக்கொண்டு வந்தேன். வண்டி ஓட்டுநரோ தொண்ணூறுகளில் தேவா இசையமைத்த ஒரு கானாப் பாட்டை வைத்திருந்தார். வாய் குறிஞ்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, என் விரல்கள் முன்னிருக்கையின் கம்பியில் தாளமிட்டுக்கொண்டிருந்தன. நண்பர் அதைப் பார்த்துச் சிரித்தார். உடனே கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கையை நான் ஏன் இழுத்துக்கொண்டேன் என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

என் முதல் இசையரங்கம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிற் சித்திரைத் திருவிழா. முல்லையாற்றங்கரையில் அக்கினிச்சட்டி ஏந்தி வருவோர் கூட்டம்; கம்பந்தோறும் குழாய் ஒலிபெருக்கி; அதில் எல்.ஆர்.ஈசுவரியின் அம்மன் பாடல்கள். மாரியம்மனே அக்குரலில்தான் பேசுவாள் என்று சிறு வயதில் நம்பினேன். பின்னர்த் திரைப்படங்களில் கேளிக்கை விடுதி ஆட்டத்துக்கும் அதே குரல்தான் பாடுகிறது என்று அறிந்தபோது திடுக்கிட்டேன். 'பாசமலர்' (1961) படத்தில் மணமகளைத் தோழியர் அழைத்துவரும் பாடலையும் அவரே பாடினார். இன்றும் நம் ஊர்த் திருமண வீடுகளில் அது ஒலிக்காமல் தீர்வதில்லை. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் குரல் கோயில், திருமண வீடு, கேளிக்கை ஆட்டம் ஆகிய மூன்றிடங்களிலும் தயக்கமின்றிப் புகுந்து புறப்பட்டிருக்கிறது. கேட்ட மக்களுக்கும் அதில் தயக்கம் இருந்ததில்லை. தயக்கமெல்லாம் பின்னாளில் எனக்கு வந்ததுதான்.

பள்ளிப் பருவத்தில் ஒலிநாடாக் காலம். பிடித்த பாடல்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால், வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாடல்கள் கொள்ளும். ஆதலால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாட்கணக்கில் வீட்டில் வழக்கு நடக்கும். என் பட்டியலில் இளையராஜாவே நிறைந்திருந்தார். தொண்ணூறுகளில் கொடைக்கானல் பண்பலை வந்த பிறகு கடைக்குப் போகும் தேவை குறைந்தது. விடுதியில் போர்வைக்குள் சிறு வானொலியை வைத்துக்கொண்டு, நாளைய தேர்வுக்குரிய நன்னூல் நூற்பாக்களையும் இன்றைய கானாவையும் ஒரே இரவில் மனனம் செய்த மாணவி நான்.

கல்லூரிப் பணிக்கான நேர்முகத்தில், "என்ன இசை கேட்பீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நான் மேலே சொன்ன பாதிப் பட்டியலைச் சொன்னேன். அவர் மகிழ்ந்தார். அன்று முதல் அதுவே என் விடையாகிவிட்டது.

இந்த நாணம் எனக்கு மட்டும் உரியதன்று. நாடே ஒரு காலத்தில் நாணியது. 1952-இல் நடுவண் அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் தரம் தாழ்ந்தவை என்று கருதி வானொலியில் அவற்றை ஒதுக்கினார். மக்கள் செவ்வியல் இசைக்கு மாறவில்லை. வானொலியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957-இல் அரசே விவித பாரதியைத் தொடங்கி, வெளியே அனுப்பிய விருந்தினரை மீண்டும் உள்ளே அழைக்க நேர்ந்தது. சட்டத்தால் மாற்ற முடியாத சுவையை நாணத்தால் மாற்றிவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணினோம். மாற்ற முடியவில்லை, மறைக்கத்தான் முடிந்தது.

மறைத்தால் யாருக்கு என்ன இழப்பு என்று நீங்கள் கேட்கலாம். என் ஆய்வில் நேர்ந்த இழப்பை இன்று முதன்முறையாகச் சொல்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கின் நடவுப் பாடல்களே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். 'மலையருவி' (1958) தொகுத்த கி.வா.ஜகந்நாதனும், 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' (1964) தந்த நா.வானமாமலையும் எனக்கு வழிகாட்டிகள். பெரியாற்று நீர் பாயும் வயல்களில், ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தேன். ஒரு மூதாட்டி, நடவுக்காரிகளுக்கு முன்பாட்டுப் பாடுபவர், முற்பகல் முழுதும் பாடினார். குலவையும் இருந்தது, மழையை அழைக்கும் பாட்டும் இருந்தது. என் குறிப்பேடு நிறைந்தது. பிற்பகலில் அவர் வேறொரு பாட்டெடுத்தார். மெட்டு 'அன்னக்கிளி' படத்து மெட்டு. சொற்கள் அவருடையவை. பஞ்சாலை வேலைக்குத் திருப்பூர் போன மகள், ஞாயிறுதோறும் வருவதாகச் சொல்லி வாராதது, நாற்று முடியை எண்ணுவதுபோல் வாரங்களை எண்ணுவது என்று அப்பாட்டு நீண்டது.

"பாட்டி, இது சினிமாப் பாட்டு. உங்க பாட்டாப் பாடுங்க" என்றேன்.

அவர் நாற்றைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "ஏந் தாயி, எம் மகளைப் பத்தி நான் பாடுறது எம் பாட்டு இல்லையா?"

எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் பதிவேட்டில் அப்பாட்டின் எதிரில், 'திரையிசைக் கலப்பு. நீக்குக' என்று எழுதினேன். அவ்வாறு பல பாடல்களை நீக்கினேன். தூய்மையான நாட்டுப்புறப் பாடல்கள் மட்டும் ஏட்டில் ஏறின. பட்டமும் கிடைத்தது. நீக்கிய பாடல்கள் இருந்த நாடாவை வீணாக்க வேண்டாமென்று, ஒரு கருத்தரங்கில் நான் படித்த கட்டுரையை அதன்மேல் பதிந்துகொண்டேன். கட்டுரையின் பொருள், நாட்டுப்புறப் பாடல்களின் தூய்மையைக் காத்தல்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பும்போது அதே 'அன்னக்கிளி' மெட்டை நான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் என்பது இக்கதையின் வெட்கக்கேடான பகுதி. எனக்குப் பிடித்ததை எனக்கே தடை செய்திருந்த நான், அதே தடையை அம்மூதாட்டிக்கும் விதித்தேன்.

அந்த மெட்டின் கதையை இப்போது எண்ணிப் பாருங்கள். எனக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இப்பள்ளத்தாக்கின் மேற்கு மலையடிவாரத்துப் பண்ணைப்புரமே போதும். சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய அதே 1943-ஆம் ஆண்டில் இளையராஜா அவ்வூரில் பிறந்தார். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளின் பாடகர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே அவர் பாடிய பாட்டுகள் பெரிதும் பேசப்பட்டன. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் புதிய அரசியற் சொற்களை வைப்பது அவர் முறை. அக்குழுவில் வளர்ந்த தம்பி, 1976-இல் 'அன்னக்கிளி' வழியே, வயலும் தாலாட்டும் தந்த இசையைத் திரைக்குக் கொண்டுபோனார். திரையிலிருந்து அதை மீண்டும் வயலுக்கு இறக்கி, தன் மகளின் பெயரை அதில் நட்டவர் அந்த மூதாட்டி. பாவலர் செய்ததைத்தான் அவரும் செய்தார். வரப்பிலிருந்து புறப்பட்ட இசை வரப்புக்கே திரும்பிய அந்தக் கணத்தில் நான் கருவியோடு அருகில் நின்றிருந்தேன். கலப்பு என்று அடித்துவிட்டேன்.

சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஒருத்தி இப்பிழையைச் செய்திருக்கவே கூடாது. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறார். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவியின் இசையறிவை நுணுக்கமாக விரிக்கிறார். அதே கை, ஆய்ச்சியர் குரவையில் இடைச்சேரிப் பெண்கள் எழுவரைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களாகவே நிறுத்துகிறது. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்று அஞ்சிய மாதரி, அந்த அச்சம் தீர ஆடச் செய்த ஆட்டம் அது. வாழ்த்துக் காதையிலோ அம்மானை, பந்து, ஊஞ்சல், உலக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. கண்ணகியைக் கண்ட மலைக்குறவர் எடுத்த குன்றக்குரவையை நம் மலைகளோடு சேர்த்துப் பேசுவது நம் மரபு. கூடலூரையடுத்த வண்ணாத்திப்பாறைக் கோயிலே அவ்விடம் என்று புலவர் சி.கோவிந்தராசனார் 1963-இல் அடையாளம் காட்டினார். அடிகள் உலக்கைப் பாட்டைக் காப்பியத்தில் சேர்த்தார். நான் நடவுப் பாட்டை ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன்.

திரையும் இதனை அறியாததன்று. 'சிந்து பைரவி' (1985) படத்தில் நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கும் ஒரு பாடல், தியாகராசரின் கிருதி ஒன்றில் சென்று கலக்கிறது. காம்போதி இராகத்துக்குரிய அக்கிருதியை இளையராஜா சாரமதியில் அமைத்தது அன்று விவாதத்தைக் கிளப்பியது. அப்பாடலுக்காகச் சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜா தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது, முன்பு அவர் பாடல்களைப் பறையடி என்று ஒதுக்கியவர்களும் பெருமிதம் கொண்டனர். பெருமிதம் தவறன்று. ஆனால் இலண்டன் மேடை சான்றிதழ் தந்த பிறகுதான் நம் வயலின் இசையை விரும்ப நமக்குத் துணிவு வருமென்றால், அந்த விருப்பத்தில் நம் காது எங்கே இருக்கிறது?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். விரும்பும் பாடல்கள் எல்லாம் நல்லவை என்று நான் வாதிட வரவில்லை. பாட்டைப் பற்றிய குற்றவுணர்வில் இருவகை உண்டு. ஒன்று, தகுதி பற்றியது. 'முனைவர் பட்டம் பெற்றவள் கானாவுக்குத் தாளமிடலாமா?' என்பது அது. அதை இன்றோடு இம்மலையிலேயே விட்டுச்செல்கிறேன். மற்றொன்று, சொல் பற்றியது. பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் காதல் என்று பாடும் பாடல்கள் உண்டு. அவள் நிறத்தையும் உடலையும் ஏளனம் செய்யும் பாடல்களும் உண்டு. அவற்றிற் சிலவற்றின் மெட்டு இன்னும் என்னை ஆட்டிவைக்கிறது. காலடி தாளமிடும்போதே மனம் சுளிக்கிறது. அந்தச் சுளிப்பை நான் இழக்க விரும்பவில்லை. மாணவியரிடம் அதை மறைக்கவும் விரும்பவில்லை. இனிய மெட்டு கசப்பான சொல்லை எவ்வளவு எளிதாக உள்ளே இறக்கிவிடுகிறது என்பதைக் கவிதை எழுதும் நீங்கள் அறிய வேண்டும். அதை அறிவதற்கும், முதலில் அப்பாட்டு நமக்குப் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அந்த நாடாவைப் பற்றி. சென்ற மாதம் இவ்வுரைக்காகப் பழைய பெட்டியைத் திறந்தபோது அது கிடைத்தது. பூஞ்சை படர்ந்திருந்தது, ஓடியது. என் குரலில் தூய்மையைப் பற்றிய கட்டுரை முழுதும் கேட்டேன். கட்டுரை முடிந்து கைதட்டலும் ஓய்ந்த பின், நாடாவில் எஞ்சிய பகுதியில் சேற்றில் கால்கள் புதையும் ஓசையும், அந்த மூதாட்டியின் குரலும் வந்தன. திருப்பூர்ப் பாட்டின் கடைசிப் பகுதி அது. மகள் வந்தாளா இல்லையா என்பது அதில் இல்லை. முற்பகுதியின்மேல் நான் பேசிவிட்டேன். அவ்வூருக்குச் சென்று பார்த்தேன். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவ்வயலில் இப்போது எந்திரம் நடுகிறது. பின்பாட்டுப் பாடிய பெண்களில் ஒருவரைக் கண்டேன். அவருக்கு மெட்டு நினைவிருந்தது. சொற்கள் நினைவில் இல்லை.

எஞ்சிய அப்பகுதியைக் கேட்டு எழுதி, 'நடவுப் பாட்டு' என்ற தலைப்பிலேயே வட்டத்தின் செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறேன். நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பதினோராம் ஆண்டில் ஒவ்வோர் உறுப்பினரும் தாம் தனிமையில் முணுமுணுக்கும் பாடல்களில், வெளியே சொல்லக் கூசும் ஒன்றையேனும் எழுதித் தாருங்கள். அதை எங்கே கேட்டீர்கள், யார் பாடினார், எந்தச் சொல்லை உங்கள் வீட்டார் மாற்றிப் பாடினார்கள் என்றும் எழுதுங்கள். கலப்பு என்று எதையும் நீக்க வேண்டாம்.

இறங்கும்போது ஓட்டுநர் மறுபடியும் அதே பாட்டை வைப்பார் என்று எதிர்பார்க்கிறேன். வைக்காவிட்டால் கேட்கவிருக்கிறேன்.