அரிவாளின் வளைவு யாருக்குச் சொந்தம்?

ரஹாங்கிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் பால் வெட்டியும் குலை வெட்டியும் பிழைத்துவரும் குடும்பங்களை மனத்தில் வைத்து இன்று காப்புரிமையைப் பற்றிப் பேசுகிறோம். பேட்டன்ட் என்று சொல்வது இதைத்தான். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று வானொலியை மூடிவிடாதீர்கள்.

ரப்பர் வந்த புதிதில் மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போயிற்று. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, 1890-களில், பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் ஓரத்தையே சீவித் திறக்கும் முறையை வகுத்தார். அது தோட்டந்தோறும் பரவிப் பொதுச்சொத்தாயிற்று. இக்காலத்துக் கதை வேறு. செம்பனைக் குலை வெட்ட 'சந்தாஸ்' என்னும் மோட்டார்க் கருவி இருக்கிறதல்லவா? மலேசியச் செம்பனை வாரியம் அதை உருவாக்கியது. தனியார் நிறுவனம் ஒன்று உரிமம் பெற்றுத்தான் அதைச் செய்து விற்கிறது.

இப்போது நம் லயத்துக்கு வருவோம். ஒருவர் அரிவாளின் வளைவை மாற்றி, கழியோடு அதைப் பூட்டப் புதுவிதக் கொக்கி ஒன்றும் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கை வலி குறைகிறது. மகிழ்ச்சியில் எல்லாருக்கும் காட்டுகிறார். சில மாதத்தில் பட்டணத்துப் பட்டறையில் அதே கொக்கி விலைக்குத் தொங்குகிறது. இவருக்குச் சல்லிக்காசு இல்லை.

காட்டுமுன் மனுச் செய்திருக்க வேண்டும். நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் பிரிட்டனில் உரிமை வாங்கி இங்கே பதிய வேண்டியிருந்தது; தோட்டத்து மனிதனுக்கு அது நடக்கிற காரியமா? இன்று பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் மனுக் கொடுக்கலாம். காப்புரிமையின் காலம், மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டு. சிறிய மாற்றங்களுக்குப் 'பயன்பாட்டுப் புத்தாக்கம்' என்று ஒரு சான்றிதழ் உண்டு. புதியதாக இருந்தால் போதும். முதலில் 10 ஆண்டு, பிறகு ஐந்தைந்தாக இருமுறை நீட்டிக்கலாம். நம்மவர்க்கு ஏற்றது இதுவே என்பது எங்கள் எண்ணம். தாமே வெளியில் காட்டிவிட்டவர் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் இங்கே பாதகமில்லை. எனினும் எல்லா நாடுகளும் இந்தச் சலுகையைத் தருவதில்லை.

முக்கியமான கேள்வி இனிமேல்தான். தோட்டத்துக் கருவியையும் தோட்டத்துப் பட்டறையையும் பயன்படுத்திச் செய்தால் உரிமை யாருக்கு? கண்டுபிடிப்பது உங்கள் வேலையாக இல்லாவிட்டாலும், முதலாளியின் தொழிலைச் சேர்ந்த பொருளை அவருடைய சாதனங்களைக் கொண்டு செய்திருந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை உரிமை முதலாளிக்கே என்கிறது சட்டத்தின் 20-ஆம் பிரிவு. மனம் கசக்கத்தான் செய்யும். ஆனால் அதே பிரிவு, தொழிலாளிக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தொகையில் உடன்பாடு இல்லையானால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். உங்கள் சம்பளம், பொருளின் மதிப்பு, முதலாளி அடைந்த இலாபம் ஆகியவற்றை அது பார்க்கும். இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்கவும் முடியாது.

ஆகவே பிள்ளையின் பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, படம் வரைந்து, தேதி போட்டு, யாருடைய இரும்பு, யாருடைய பட்டறை என்பதையும் எழுதி வையுங்கள். நோட்டு உரிமை தராது. கேள்வி வரும் நாளில் சாட்சி சொல்லும். பிறகு உரிமை தோட்டத்துக்கே போனாலும், 'வேண்டாம்' என்று கண்டுபிடித்தவரே கையெழுத்திட்டுத் தந்தாலன்றி, காப்புரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் வந்தாக வேண்டும்.