வெளிநாடு போகும் முன்னே வேலூர் போவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆரணி பகுதிக் குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்கடன் பற்றிப் பேசச் சொல்லி எங்கள் குழுவைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நாங்களும் ஒரு கடனைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அது ஒரு குழந்தையோட வயிற்று நோய்க்காகக் கேட்ட கடன். அதில் நாங்கள் செய்த தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் குழுவில் ஒரு உறுப்பினர். புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் பட்டு நெய்கிறவர்கள். வீட்டில் ரெண்டு தறி. பையனுக்கு அப்போ ஆறு வயசு. மூணு வயசில் இருந்தே அடிக்கடி வயிற்றுப்போக்கு. வயிறு உப்பி இருக்கும், கை கால் குச்சி மாதிரி இருக்கும். எத்தனை சத்து டானிக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "குடல்புழுவா இருக்கும்" என்றோம். "கண்ணு பட்டிருக்கும், மந்திரிச்சுப் பாரு" என்றோம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஏன் திரும்பத் திரும்ப வருது என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்படியே மூணு வருஷம் போச்சு.

அப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிற தம்பி போன் பண்ணி, "இங்க கூட்டிட்டு வாக்கா, கண்டுபிடிச்சுடுவாங்க" என்றார். பெத்த மனசு கேட்குமா? ஒரு தறியை விற்றுவிட்டார்கள். மீதிக்கு ரெண்டு லட்சம் கடன் கேட்டுக் கூட்டத்துக்கு வந்தார்கள். தறி போனது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரே சத்தம். "பிள்ளை உயிரு, கொடுத்திடலாம்" என்று பாதிப் பேர். "எப்படித் திருப்பிக் கட்டுவாங்க?" என்று பாதிப் பேர். அப்போ எங்கள் மூத்த உறுப்பினர் ஒருத்தர் கேட்டார்: "பாவுல இழை அறுந்தா எந்த இழைன்னு முதல்ல தேடுவோமா, இல்ல தறியைத் தூக்கி வேற ஊர்ல போடுவோமா? பிள்ளைக்கு என்ன நோவுன்னு யாராவது பேரு சொல்லி இருக்காங்களா?"

யாரும் சொல்லி இருக்கவில்லை. மூணு வருஷத்துச் சீட்டுகளில் நோயின் பெயரே இல்லை.

தீர்மானம் எழுதினோம். முதலில் பரிசோதனைக்குப் பதினைந்தாயிரம் உள்கடன். கூடப் போக ரெண்டு உறுப்பினர்கள். அதன் பிறகும் வெளிநாடுதான் என்று டாக்டர் சொன்னால் பெரிய கடன். அந்தத் தங்கச்சி அழுதுகொண்டே, "உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?" என்றாள். அந்த வார்த்தை இன்னும் எங்களுக்குக் குத்துது.

கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறி வேலூர் போனோம். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனை, இன்று பெரிய கல்லூரியாக நிற்கிற ஊர் அது. சுற்றிலும் தெருக்களில் வங்காள எழுத்தில் கடைப் பலகைகள். மேற்கு வங்காளம், வங்காளதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ பல வருஷமாக வைத்தியத்துக்கு வந்துகொண்டு இருக்கிறார்கள். அவர்கள் கடல் தாண்டி, எல்லை தாண்டித் தேடி வருகிற ஊர் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாம்தான் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்தது: சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சிலர் உடம்பு அதை எதிரியாக நினைத்துத் தன் குடலையே புண்ணாக்கிக்கொள்கிறது. அப்புறம் தின்கிற சத்து எதுவும் உடம்பில் ஒட்டாது. வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் அபூர்வம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இதுக்கு வெளிநாட்டுல என்ன மருந்து சார்?" என்று கேட்டோம். "எந்த நாட்டுக்குப் போனாலும் வைத்தியம் ஒண்ணுதான்மா. ஆயுசுக்கும் கோதுமை கூடாது" என்றார் டாக்டர்.

இதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கே. கோதுமை மேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் பூச்செடிக் கிழங்கைத் தின்றார்கள். அப்போது இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! மறுபடி ரொட்டி வந்ததும் நோயும் வந்தது. 1950-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார்.

சகோதரிகளே, பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர் ஆரணி. அந்தப் பிள்ளைக்கு மருந்தே அரிசிச் சோறுதான். இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் சாப்பிடலாம். பிஸ்கட், பன், பரோட்டா, ரவை, சேமியா கூடாது. கடையில் விற்கிற பெருங்காயத் தூளில்கூட மைதா கலந்திருக்கும். அங்கன்வாடி சத்துமாவிலும் கோதுமை உண்டு. மற்ற பிள்ளைகளுக்கு அது நல்ல உணவு, இந்தப் பிள்ளைக்குத்தான் ஆகாது. பள்ளிக்கூடத்துக் காலை உணவில் ரவை உப்புமா போடுகிற நாளில், வீட்டில் இருந்து இட்லி கொடுத்தனுப்ப டீச்சரிடம் சொல்லி வைத்தோம்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு நீங்களாகவே பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்தாதீர்கள். பரிசோதனைக்கு முன்னே நிறுத்தினால் நோய் தெரியாமல் போய்விடும்.

எல்லா வயிற்று நோயும் சோற்றில் தீராது என்பதும் தெரியும். பிறவியிலேயே பித்தக்குழாய் அடைத்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, 1998-ல் டெல்லியில், அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தப் பையன் வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். 2009-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று தொடங்கிவிட்டது. ஆனால் நேரத்தோடு போகணும். பிறந்து ரெண்டு வாரம் ஆகியும் மஞ்சள் காமாலை விடாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். 60 நாளுக்குள் அறுவை செய்தால் பலன் அதிகம்.

ரெண்டு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடை ஏறாதது, ரத்தசோகை தீராதது, இதில் எது இருந்தாலும் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். போகிற வழியிலேயே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வெளிநாட்டுச் செலவுக்கு அது உதவாது. அட்டை எடுக்காதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டையோடு கலெக்டர் ஆபீஸ் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னமும் வெளிநாடுதான் என்று தோன்றினால், கடன் கேட்கும் முன்னே டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்கள். நோயின் பெயர் என்ன? இங்கே இல்லாத எந்த வைத்தியம் அங்கே இருக்கிறது? திரும்பி வந்த பிறகு யார் பார்ப்பார்கள், எத்தனை தடவை போகணும்? நீண்ட நாள் நோய்க்கு ஒரு தடவை விமானம் ஏறினால் போதாது. மாசா மாசம் எடை பார்க்கப் பக்கத்தில் ஒரு டாக்டர் வேண்டும். எல்லாச் சீட்டையும் ஒரே பையில் தேதிவாரியாக வையுங்கள்.

இப்போது அந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறான், முகத்தில் ரத்தம் தெரிகிறது. பதினைந்தாயிரத்தையும் கட்டி முடித்துவிட்டார்கள். அன்றைக்குக் கோபப்பட்ட தங்கச்சி இதோ இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் விற்ற தறி இன்னும் திரும்பவில்லை. முதல் வருஷமே "நோய்க்குப் பேரு என்ன?" என்று நாங்கள் கேட்டிருந்தால் அந்தத் தறி இன்றைக்கும் அந்த வீட்டில் ஓடிக்கொண்டு இருக்கும். அதனால் இப்போது எங்கள் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும், யார் வீட்டுப் பிள்ளைக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல் உடம்பு சரியில்லையா என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். உங்கள் குழுவிலும் அப்படி ஒரு வரி எழுதுங்கள்.