பாட்டாக இருந்த தெய்வங்கள் படமான கதை



மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் பாடன்கர் என்று ஒரு சிற்றூர். பர்தான் கோண்டுகள் என்னும் பழங்குடி மக்களின் ஊர் அது. தலைமுறை தலைமுறையாகப் பாடுவதுதான் அவர்கள் தொழில். கோண்டு குடும்பங்களின் வீடு தேடிப் போய், பானா என்ற நரம்புக் கருவியை இசைத்து, குலத்தின் வரலாற்றையும் தெய்வக் கதைகளையும் பாடுவார்கள். அவர்களின் பெருந்தெய்வம் படாதேவ், கருமருது மரத்தில் குடியிருப்பவர்.

நாளடைவில் பாட்டுக்குத் தானியம் அளந்த அந்தக் குடும்பங்களே வறுமையில் விழுந்தன. பாடியவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். கதைகள் அதோடு மறைந்திருக்கலாம். மறையவில்லை.

1980-களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் ஜே. சுவாமிநாதன். சிம்லாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர். அவர் இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கலைஞர்களைத் தேடச் சொன்னார். போனவர்கள் பாடன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் அனுமன் படத்தைக் கண்டார்கள். வரைந்தவர் ஜங்கர் சிங் ஷியாம். இருபது வயதை ஒட்டிய இளைஞர். போபாலுக்கு வந்த ஜங்கர், அதுவரை பாட்டில் மட்டுமே வாழ்ந்த கோண்டு தெய்வங்களுக்குத் தாளில் உருவம் கொடுத்தார். உடல் முழுக்கப் புள்ளிகளும் சிறு கோடுகளும் நிறைந்த மான்கள், பறவைகள், தெய்வங்கள்! 1989-இல் பாரிஸின் பாம்பிடு மையம் வரை அவர் ஓவியங்கள் போயின. 2001-இல் ஜப்பானில் அவர் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் தன் உறவினர்கள் பலரைப் போபாலுக்கு அழைத்துவந்து ஓவியர்களாக்கியிருந்தார்.

அவர்களில் ஒருவர் பஜ்ஜு ஷியாம். இரவுக் காவலாளியாகவும் எலக்ட்ரீஷியனாகவும் வேலை பார்த்தவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரைய அவரை அழைத்தார்கள். போன இடத்தில் அவர் லண்டனைத் தன் ஊர்க் கதைகளின் கண்ணால் பார்த்தார். விமானம் சிறகு முளைத்த யானையானது. தவறாமல் வந்து ஏற்றிக்கொண்ட 30-ஆம் எண் பஸ், விசுவாசமான நாயானது. பூமிக்கடியில் ஓடும் ரயிலும் ஓர் உயிரினமானது. அவர் ஊரில் விடியலைச் சொல்வது சேவல்; லண்டனில் நேரம் சொல்வது பிக் பென் கடிகாரம். இரண்டையும் ஒரே உருவமாக்கினார். சென்னையின் தாரா பதிப்பகம் 2004-இல் இந்த ஓவியங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களைப் பற்றிய கதைகளை வரைந்த இன்னொரு புத்தகம், கறுப்புத் தாளில், சென்னையிலேயே கையால் ஸ்கிரீன் பிரின்டிங் செய்யப்பட்டது. பஜ்ஜுவுக்கு 2018-இலும் துர்கா பாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பழங்குடி ஓவியம் என்றதும் காட்டோடு முடிந்துபோன பழைய பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. மரபுக் கதை தெரிந்தவர் புதிய ஊரைக் கண்டு மிரளத் தேவையில்லை. அந்தக் கதையைக் கொண்டே அதை அளந்துவிடுவார்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து நேயர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. நம் பெரியவர்கள் பலர் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரின் மில்களுக்கு வேலைக்கு வந்தவர்கள். குலதெய்வத்தையும் அதன் கதையையும் மனத்தில் சுமந்து வந்தவர்கள். அந்தக் கதைகள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமா?

இரண்டு வேண்டுகோள்கள். கண்காட்சியில் பழங்குடி ஓவியம் ஒன்றைப் பார்த்தால், விலைக்கு முன் வரைந்தவரின் பெயரையும் படத்தின் கதையையும் கேளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பிள்ளைகளுக்கு உங்கள் குலதெய்வத்தின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் தாளையும் வண்ணத்தையும் கொடுத்து, அந்தத் தெய்வம் நம் தெருவுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள்.