புதுநீர் கண்டேன்



கிருஷ்ணையும் கோதாவரியும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து குழாய்வழி வந்தே நம் நகரின் தாகத்தைத் தணிக்கின்றன. சிங்கப்பூரோ 2003-ஆம் ஆண்டு முதல் கழிவுநீரையே தூய்மை செய்து ‘புதுநீர்’ ஆக்குகின்றது. 2018-இல் என் தாயாருடன் அங்குச் சென்றபோது, பிடோக் ஆலையைக் கண்டேன். அதன் பார்வையாளர் கூடம் 2024-இல் மூடப்பட்டது. பணியோ பிற ஆலைகளில் தொடர்கின்றது.

முதலில் நுண்ணிய வடிகட்டிகள் அழுக்கையும் கிருமிகளையும் தடுக்கின்றன. அடுத்து, பேரழுத்தத்தில் மென்சவ்வுகளின் ஊடே செலுத்துங்கால் உப்பும் நஞ்சும் பின்தங்கிவிடுகின்றன. இறுதியாகப் புறஊதாக் கதிர் எஞ்சிய கிருமிகளை அழிக்கின்றது. இந்நீரின் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றது; வறட்சிக் காலத்தில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கின்றது. ஆப்பிரிக்காவின் விந்தோக் நகரமோ 1968 முதலே தூய்மை செய்த கழிவுநீரைப் பருகி வருகின்றது.

ஒரு புட்டி நீர் தந்தனர். என் கை தயங்கிற்று. ஆசாரம் மிக்க என் தாயாரோ, “கங்கையில் எத்தனை ஊர்க் கழிவு கலக்கின்றது! அதைத் தீர்த்தம் என்கிறோமே!” என்று கூறிப் பருகினார்கள். நான் நாணினேன்.

அன்பர்களே! நாம் விடும் கழிவு மூசியில் சேர்ந்து, வாடபள்ளி அருகே கிருஷ்ணையில் கலக்கின்றது. கீழே வாழ்வோரும் நம்மவரே. கழிவுநீரைத் தூய்மை செய்வது வறுமையின் அடையாளம் அன்று. அயலாருக்கு நாம் ஆற்றும் கடமை. காய்கறி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுவதிலிருந்து அதனைத் தொடங்குவோமாக!