கட்சித் தாவலின் வேர்கள்



மக்கள் ஒரு சின்னத்துக்கு வாக்களிக்கிறார்கள். வென்றவர் சில மாதங்களில் வேறொரு கொடியின் கீழ் போய் நிற்கிறார். ஏன் என்று கேட்டால், பணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பணம் கைமாறுவது உண்மைதான். ஆனால் அதை மட்டும் பார்த்தால் இந்த நோயின் வேர் நமக்குப் புலப்படாது.

1967-இல் ஹரியானாவில் கயாலால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை அணி மாறினார். 'ஆயாராம் கயாராம்' என்ற சொல்வழக்கு அவரால் பிறந்தது. இந்தத் தாவல்களை ஆராய்ந்த ஒய்.பி. சவான் குழு ஒரு கணக்கைத் தந்தது. மாநிலங்களில் கட்சி மாறிய 210 பேரில் 116 பேர், தங்கள் ஆதரவால் உருவான அமைச்சரவைகளிலேயே இடம்பிடித்திருந்தார்கள்.

பதவிக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு? ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் நிலையை எண்ணிப் பாருங்கள். காலையில் அவர் வீட்டு வாசலில் பட்டா கேட்பவர், இடமாற்றம் கேட்பவர், ஊருக்குப் பேருந்து கேட்பவர் என்று பலர் நிற்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் சாவி தலைமைச் செயலகத்தில் இருக்கிறது. ஆளுங்கட்சியில் இல்லாதவரின் மனு அங்கே நகர்வதில்லை.

நம் சென்னை மாநிலத்தின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1952-இல் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152, பெரும்பான்மை இல்லை. காங்கிரசை எதிர்த்து வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயகர், இராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமி படையாட்சியார் 1954-இல் காமராசர் அமைச்சரவைக்கு வந்தார். ஆர்க்காட்டு மாவட்டங்களில் பின்தங்கியிருந்த, இவ்விருவரும் சார்ந்த சமுதாயம், ஆட்சிக்கு வெளியே நின்று தன் பங்கைப் பெற முடியாது என்று கணித்தது. அந்தக் கணிப்பைப் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வேர் கட்சிகளுக்குள்ளேயே இருக்கிறது. வேட்பாளரைத் தொகுதித் தொண்டர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, தலைமை அறிவிக்கிறது. கொள்கை விவாதத்தில் உறுப்பினருக்குக் குரல் இல்லை. தன் பேச்சுக்கு இடமில்லாத வீட்டில் ஒருவர் எத்தனை நாள் தங்குவார்?

1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் இந்த வேர்களைத் தொடவில்லை. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவி பறிபோகாது என்றது. 2003-இல் அந்த வழி அடைபட்டது. மூன்றில் இரு பங்கினர் வேறு கட்சியோடு இணையும் வழி மட்டும் நின்றது. அமைச்சர்களின் எண்ணிக்கைக்கும் அவையின் மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காடு என்ற வரம்பு வந்தது. இணைப்பு வழியின் விளைவைக் கோவாவில் பார்த்தோம். 2022-இல் காங்கிரஸ் வேட்பாளர்கள் கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் கட்சி மாறமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். வென்ற 11 பேரில் 8 பேர் அதே ஆண்டு செப்டம்பரில் பா.ஜ.க.வில் சேர்ந்தார்கள். சட்டம் கேட்ட எண்ணிக்கை சரியாக 8.

தனியாகப் போனால் குற்றம், கூட்டமாகப் போனால் இணைப்பு. மனச்சான்றின்படி ஒரு மசோதாவை எதிர்த்து வாக்களிக்கும் ஒற்றை உறுப்பினரோ, கொறடா உத்தரவை மீறியதற்காகப் பதவி இழக்கலாம். தீர்ப்புச் சொல்பவர் பேரவைத் தலைவர். அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். மனுக்கள் தேங்கிக் கிடந்ததால், மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

வாக்காளர் தண்டிப்பார் என்றும் நம்பியிருக்க முடியவில்லை. கர்நாடகத்தில் 2019-இல் கட்சித் தாவலுக்காகத் தகுதி நீக்கப்பட்டவர்களில் 11 பேர் இடைத்தேர்தலில் வென்றார்கள். அவர்களில் 10 பேர் 2020 பிப்ரவரியில் அமைச்சரானார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் இருந்தால்தான் ஊருக்கு வேலை நடக்கும் என்ற கணக்கை வாக்காளரும் போடுகிறார்.

ஆகவே நான்கு மாற்றங்களை இந்த மேடையில் வேண்டுகிறேன். தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இல் சொன்னபடி, கொறடா உத்தரவை மீறியதற்கான தகுதி நீக்கம் நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிற்கட்டும். தகுதி நீக்க முடிவு தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி அமையட்டும். கட்சி வேட்பாளரை அந்தத் தொகுதியின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். எல்லாவற்றிலும் முதன்மையாக, ஒரு தொகுதியின் சாலையும் மருத்துவமனையும் அதன் உறுப்பினர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து அமையாதிருக்கட்டும். எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே ஒருவர் தம் மக்களுக்குப் பயன்பட முடியும் என்ற நிலை வந்தால், கட்சி மாறுவதற்கு அவர் சொல்லும் நியாயங்களில் பெரும்பகுதி விழுந்துவிடும். அதன் பிறகும் தாவுகிறவரை மக்கள் சரியாக அடையாளம் கண்டுகொள்வார்கள்.