மிதித்தால் ஓடும் மோட்டார்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர்ல என்னப்பா வேலை பாக்கறே?" என்று காதர்பேட்டையில் பலர் என்னைக் கேட்பதுண்டு. "கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற வேலைங்க" என்பேன். சட்டென்று புரிந்துவிடும்.

பழைய தையல் மெஷினில் கிளட்ச் மோட்டார் இருக்கும். ஸ்விட்சைப் போட்டால், டெய்லர் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். மிதிக்கிற அளவுக்குத்தான் ஓடும். கம்ப்யூட்டரின் பிராசசரையும் அப்படி ஓட்டுவதுதான் கெர்னலில் உள்ள 'கவர்னர்' என்ற பகுதியின் வேலை.

இதில் லாபம் எவ்வளவு? பிராசசர் இயங்கச் செலவாகும் மின்திறன், வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கிய அளவில் கூடும். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேலை முடியக் கால் பங்கு நேரம் கூடுதலாக ஆகும். அப்படியும் மொத்த மின்சாரத்தில் 36 சதவீதம் மிச்சம்! ஆனால் சும்மா இருக்கும்போதும் சிப்பில் கொஞ்சம் மின்சாரம் கசியும். அதனால் சில வேலைகளை வேகமாக முடித்துவிட்டுத் தூங்கப் போவதே நல்லது. எது எப்போது என்று தீர்மானிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

2004-இல் லினக்ஸ் 2.6.9 கெர்னலில் 'ஆன்டிமாண்ட்' கவர்னர் வந்தது. இன்டெல்லில் இருந்த வெங்கடேஷ் பள்ளிப்பாடி இதை உருவாக்கியவர்களில் ஒருவர். பிராசசர் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று அவ்வப்போது பார்த்து வேகத்தை மாற்றும். ஆனால் அது பார்ப்பது நடந்து முடிந்ததை. பீஸ் ரேட்டில் தைக்கிறவர் மிதித்த பிறகு மோட்டார் யோசித்தால் சும்மா இருப்பாரா? செல்போன் திரையைத் தொடுகிறவரும் அப்படித்தான்.

2016-இல் 4.7 கெர்னலில் 'ஷெட்யூட்டில்' வந்தது. எந்த வேலைக்கு எப்போது பிராசசரைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரிடமே இது கணக்குக் கேட்கிறது. தேவைக்கு மேல் கால் பங்கு கூட்டி வேகம் வைக்கிறது. 60 சதவீதம் தேவையென்றால் 75 சதவீத வேகம். ரஃபேல் வைசாக்கியுடன் நம் நாட்டு விரேஷ் குமாரும் பல ஆண்டுகளாக இந்தப் பகுதியைப் பராமரித்து வந்திருக்கிறார்.

தம்பி தங்கைகளே, இந்தக் கோட் பூட்டி வைத்த கோட் அல்ல. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஊர் பேரோ மார்க் ஷீட்டோ யாரும் கேட்கமாட்டார்கள். திருத்தம் சரியா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு போனில் மிச்சமாவது சொற்பம்தான். அதே கோட் கோடிக்கணக்கான போன்களில் ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். லேப் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தால் இன்றே எந்தக் கவர்னர் ஓடுகிறது என்று பாருங்கள். மாற்றி வைத்து அளந்து பாருங்கள். கேள்வி தானாக வரும். அங்கிருந்து தொடங்குங்கள்.